மூணு மாசம் முன்னாடி உடம்புக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க

போன பிப்ரவரில ஒரு நாள் தலைக்கு குளிச்சிட்டு இருக்கேன், பாத்ரூம்ல தண்ணி போகவே இல்ல, குனிஞ்சு பார்த்தா ஓட்டை முழுக்க என் முடி. அப்புறம் சீப்புல, தலகாணில, மாவு பிசையுற பேசின்லனு எங்க பார்த்தாலும் முடிதான். மூணு முழம் பூ தாங்குன ஜடை ரெண்டே மாசத்துல எலிவால் மாதிரி ஆயிடுச்சு. வேலைக்கு போறப்ப துப்பட்டாவ தலைல போட்டுட்டு போனேன், பஸ்ல பின்னாடி சீட்ல யாராவது உக்காந்தாலே என் வகிடத்தான் பாக்குறாங்களோன்னு இருக்கும்.

வீட்ல ஆளுக்கொரு காரணம். ஆயா கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்தி போட்டாங்க. அம்மா போர் தண்ணி உப்பா இருக்கு அதான்னாங்க, எங்க சென்னை தண்டையார்பேட்டைல முடி கொட்டுதுன்னு சொன்னா எல்லாரும் முதல்ல தண்ணியத்தான் சொல்வாங்க. வெங்காயச் சாறு, 1,200 ரூபா எண்ணெய், பயோட்டின்ங்கிற விட்டமின் மாத்திரைன்னு எல்லாம் பார்த்தாச்சு. ஒரு முடி கிளினிக்குக்கும் போனேன், பத்து நிமிஷம் கூட பாக்கல, நம்ம ரத்தத்தையே எடுத்து பிரிச்சு தலைல ஊசியா போடுற பிஆர்பி, ஆறு சிட்டிங், 36,000 ரூபான்னுட்டாங்க. ஒரு ரத்த டெஸ்ட் கூட எழுதல. நான் சீட்டு பணத்த எடுத்து கட்டிடலாம்னு கூட நெனச்சேன், அவ்ளோ பயம். அம்மாதான் ஒருவாட்டி ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காட்டிட்டு அப்புறம் கட்டுன்னாங்க.

காலைலயே போய் ஓ.பி. சீட்டு போட்டு ஸ்கின் டிபார்ட்மெண்ட்ல வரிசைல உக்காந்தோம், தம்பியும் கூட வந்தான், அவனுக்கும் ரெண்டு பக்கமும் நெத்தி ஏறிட்டே வருது, 26 வயசுதான். டாக்டரம்மா ஒரு அம்பது அறுபது முடிய கொத்தா பிடிச்சு மெதுவா இழுத்தாங்க, கைல பத்து பன்னெண்டு வந்துச்சு, நுனில வெள்ளையா சின்ன குமிழ் இருந்துச்சு. உப்பு தண்ணிக்கு முடி வறண்டு நடுவுல உடையும்மா, இது வேரோட வருது, காரணம் உள்ள இருக்குன்னாங்க. அடுத்து கேட்டதுதான் எனக்கு இன்னும் மறக்கல. "மூணு மாசம் முன்னாடி உடம்புக்கு என்னாச்சு?"

நவம்பர்ல டெங்கு வந்து அஞ்சு நாள் அட்மிட் ஆகி இருந்தேன். அதையும் இதையும் நான் சேத்து யோசிக்கவே இல்ல. பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், திடீர்னு எடை கொறையுறதுன்னு உடம்புக்கு ஒரு அடி விழுந்தா நெறைய முடி ஒரே நேரத்துல வளர்றத நிறுத்திட்டு ஓய்வுக்கு போயிடுமாம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கொட்டுமாம். டெலோஜென் எஃப்ளூவியம்னு பேரு. சாதாரணமாவே ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 முடி போகும், இது அதுக்கும் மேல. வேர் சாகல, திரும்ப வரும்னு சொன்னதும் நான் அங்கயே அழுதுட்டேன்.

ஆனா அதோட விடல. பீரியட்ஸ் எத்தனை நாள், ரத்தப்போக்கு அதிகமா, மாசம் தள்ளிப்போகுதா, தாடைல முடி வளருதான்னு எல்லாம் கேட்டாங்க, பிசிஓடிங்கிற சினைப்பை ஹார்மோன் பிரச்சனை இருந்தாலும் கொட்டுமாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு எழுதி குடுத்தாங்க. பயோட்டின் மாத்திரைய ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு டெஸ்ட் எடுங்க, இல்லனா தைராய்டு ரிசல்ட் தப்பா காட்டலாம்னாங்க, இத மருந்து கடைல யாருமே சொல்லல. தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் 10.2, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். ஃபெரிட்டின் வெறும் 9, அதாவது உடம்புல சேத்து வெச்ச இரும்பு சத்து கிட்டத்தட்ட காலி. மாசாமாசம் ஏழு நாள் அவ்ளோ போறது எனக்கு சாதாரணம்னு நெனச்சிருந்தேன், மாடி ஏறுனா மூச்சு வாங்குறதயும்தான்.

தம்பிக்கு வேற கதை. அவனுது பரம்பரை வழுக்கை, டிஹெச்டிங்கிற ஹார்மோனுக்கு வேர் கொஞ்சம் கொஞ்சமா சுருங்குது, அம்மா பக்கம் அப்பா பக்கம் ரெண்டுலேர்ந்தும் வரலாமாம். முடி வளர மினாக்ஸிடில்ங்கிற மருந்து குடுத்தாங்க. முதல் சில வாரம் கூட கொட்டும், பயந்து விட்றாத, பலன் தெரிய நாலு மாசமாவது ஆகும், நிறுத்துனா வந்தது போயிடும்னு தெளிவா சொல்லி அனுப்புனாங்க. ஒரே வீடு, ஒரே தண்ணி, ஒரே எண்ணெய், ரெண்டு பேருக்கும் காரணம் வேற வேற பாருங்க.

எனக்கு இரும்பு மாத்திரை மட்டும்தான். எலுமிச்ச ஜூஸோட போடுவேன், டீய ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சேன், அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. மலம் கறுப்பா போச்சு, அது மாத்திரையாலதான்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. ஜூன்ல கொட்டுறது கொறஞ்சுது, ஜூலைல ஃபெரிட்டின் 34. இப்ப நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா முடி எழுந்து நிக்குது, சீவுனா படியவே மாட்டேங்குது. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பழைய ஜடைக்கு வருஷக் கணக்காகும்னு தெரியும். மாத்திரைய இன்னும் மூணு மாசம் தொடர சொல்லி இருக்காங்க, அதோட அந்த ஏழு நாள் ரத்தப்போக்குக்கு ஒரு ஸ்கேனும் எழுதி இருக்காங்க, அடுத்த வாரம் போறேன்.