ஹாம்பர்க் சரக்கு ரோட்டர்டாமில் ஏன் இறங்குகிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நான் செய்த கூத்தை இன்றைக்கும் ஆபீசில் சொல்லிச் சிரிக்கிறார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனி. எக்ஸ்போர்ட் பேப்பர் பார்ப்பது என் வேலை. ஹாம்பர்க் பார்ட்டி ஒருவருக்கு பெங்களூரா ரக மாங்கூழ் போகிறது. ஒரு இருபதடி கண்டெய்னர், 80 டிரம். கப்பல்காரர்கள் அனுப்பிய பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) டிராஃப்டில் சரக்கு இறங்கும் துறைமுகம் ரோட்டர்டாம் என்று இருந்தது. வாங்குகிறவர் ஜெர்மனியில், ரோட்டர்டாம் இருப்பது நெதர்லாந்தில். யாரோ தூக்கக் கலக்கத்தில் டைப் செய்துவிட்டார்கள் என்று நினைத்து, ஹாம்பர்க் என்று மாற்றச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

அதைத் திரும்ப மாற்றுவதற்குக் கட்டின பணம் என் அரை மாதச் சம்பளம் வரும். மேனேஜர் திட்டவில்லை. “அங்க எந்த நாட்டுல இறக்கினாலும் ஒண்ணுதாம்மா” என்று மட்டும் சொன்னார். அதெப்படி ஒன்றாகும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் 26 வருஷம் லாரி ஓட்டினவர், பெரும்பாலும் பெங்களூர் லைன். மாங்காய் சீசனில் லோடு ஏற்றிக்கொண்டு எல்லையில் வரிசையில் நின்ற ராத்திரிகளை மணிக்கணக்கில் சொல்வார். முன்னால் நிற்கும் லாரி நகர்ந்துவிட்டால் எழுப்பச் சொல்லி கிளீனர் பையனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்டியரிங் மேலேயே தலை வைத்துத் தூங்குவாராம். “ஒரே நாட்டுக்குள்ள இருக்கிற கர்நாடகாவுக்கே அப்படி நின்னோம். நாடு விட்டு நாடு போற லாரிய எவன் சும்மா விடுவான்?” என்றார். கேள்வி சரிதான். அன்றிலிருந்துதான் ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்திருக்கும் இந்த ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சுங்கம். ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் வெளிச்சரக்கு மேல் போடும் வரிப் பட்டியல் ஒன்றே. எந்தத் துறைமுகத்தில் இறக்கினாலும் ஒரு தடவை வரி கட்டி வெளியே எடுத்துவிட்டால், அப்புறம் அது உள்ளூர்ச் சரக்கு மாதிரிதான். ரோட்டர்டாமிலிருந்து ஹாம்பர்க்குக்கு லாரியில் போகலாம், யாரும் சுங்கம் கேட்க மாட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரோட்டர்டாமில் வசூலாகும் அந்த வரி நெதர்லாந்து கஜானாவுக்குப் போவதில்லை. ஒன்றியத்தின் பொதுப் பணத்தில் சேர்கிறது. நெதர்லாந்து 25 சதவீதத்தை வசூல் கூலியாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பெரிய துறைமுகம் வைத்திருக்கும் நாடு மட்டும் கொழுத்துவிடக் கூடாது இல்லையா?

இது ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1957-இல் ரோம் நகரில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் இந்த ஒன்றியத்துக்கு அடித்தளமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. தங்களுக்குள் இருந்த சுங்க வரியை அவர்கள் முழுதாக எடுத்தது 1968 ஜூலை 1. நம் ஊரில் ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்ட்டுகள் மூடப்பட்டதும் ஜூலை 1-தான், 2017-இல். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “தனித்தனி நாடா இருந்துக்கிட்டே நமக்கு 49 வருஷம் முன்னாடி எடுத்துட்டானா?” என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஆனால் வரி போனதே தவிர, வரிசை போகவில்லை. உள்நாட்டு விற்பனை வரி ஒவ்வொரு நாட்டிலும் வேறு என்பதால் பேப்பரை எல்லையில்தான் பார்த்தார்கள். 1984 பிப்ரவரியில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவில் ஆல்ப்ஸ் மலையில் லாரிக்காரர்கள் வெறுத்துப்போய், வண்டிகளை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். சுங்க அதிகாரிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை பார்த்ததுதான் காரணம். அதே வருஷம் ஜூலையில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் எல்லைச் சோதனையைக் குறைத்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷம், 1985 ஜூனில், லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்துப் பக்கம் ஆற்றில் நின்ற கப்பலில், தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் படிப்படியாக விலக்க ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. ஷெங்கன் விசா என்று சொல்கிறோமே, அந்த ஷெங்கன் இதுதான். சரக்கு லாரிகள் எல்லையில் சுங்கப் பேப்பருக்காக நிற்காமல் போனது 1993 ஜனவரி 1 முதல். லாரிக்காரன் மறித்த கதையை அப்பா இப்போது டீக்கடையில் தன் சொந்தக் கதை மாதிரிச் சொல்கிறார்.

அப்படியென்றால் அவர்களுக்கும் ஜிஎஸ்டி மாதிரி ஒரே வரியா? இல்லை. விற்பனை வரியின் பொது விகிதம் 15 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது மட்டும்தான் விதி. ஜெர்மனியில் 19, ஹங்கேரியில் 27. இந்த மாதிரி வரி விஷயத்தில் விதியை மாற்ற 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். குட்டி மால்டா முடியாது என்றால் முடியாது. மற்ற பெரும்பாலான சட்டங்களுக்கு, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் முன்வைப்பதை, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அவையும் 720 பேர் கொண்ட நாடாளுமன்றமும் ஏற்க வேண்டும். அமைச்சர்கள் அவையில் 15 நாடுகள் சேர வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையில் 65 சதவீதம் பேராவது இருக்க வேண்டும். நம் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மீதியை மாநிலங்கள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் கைக்கும் சிக்கிமின் கைக்கும் ஒரே எடை. எனக்கென்னவோ அந்த 65 சதவீதக் கணக்கு நியாயமாகப் படுகிறது. சிக்கிம்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லா நாடும் எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கிறது என்றும் இல்லை. போலந்து ஒன்றியத்தில் உண்டு, ஆனால் பணம் யூரோ இல்லை, ஸ்லோட்டி. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்டால், எங்கள் பக்கத்துச் சந்தூர் மாந்தோப்புக்கு வாருங்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சி மருந்தை இனி அனுமதிப்பதில்லை என்று 2020-இல் ஒன்றியம் முடிவெடுத்தது. அதன் மிச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டினால் கூழ் திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் பூ எடுக்கும் காலத்திலேயே தோப்பு தோப்பாகப் போய், “அந்த மருந்து வேண்டாங்கண்ணா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அண்ணன்களில் பாதிப் பேருக்கு ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது, ஓட்டும் கிடையாது. அதே சமயம், 27 நாட்டுக்கு 27 விதி இருந்திருந்தால் என் கதி என்ன என்றும் யோசிக்கிறேன்.

அதை லேசாக ருசி பார்த்தது 2021 ஜனவரியில். பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் வெளியேறினாலும், அந்த வருஷக் கடைசி வரை பழைய விதியே ஓடியது. அதுவரை ரோட்டர்டாம் கிடங்கில் இறக்கி, அதிலிருந்தே பத்து டிரம், இருபது டிரம் என்று லண்டன் பார்ட்டிக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. ஜனவரி பிறந்ததும் அதே லாரி, அதே டிரம், ஆனால் சுங்கப் பேப்பர் தனி. மெயில் மேல் மெயில். கடைசியில் லண்டனுக்கு இங்கிருந்தே தனிக் கண்டெய்னர் என்று முடிவானது. என் மேஜையில் ஒரு ஃபைல் இரண்டானது.

போன வாரம் இதையெல்லாம் ஒரு மூச்சில் அப்பாவிடம் சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு, “ரோட்டர்டாம்ல இருந்து ஹாம்பர்க் எத்தன கிலோமீட்டர்?” என்றார்.

“சுமார் 500 இருக்கும்பா.”

“நடுவுல ஒருத்தனும் நிறுத்த மாட்டான்?”

“சுங்கத்துக்குன்னு யாரும் நிறுத்த மாட்டாங்க.”

“டோல்?”

“ஜெர்மனிக்குள்ள லாரிக்கு உண்டு. ஓடுற தூரத்துக்குக் கணக்கு.”

“அதானே பார்த்தேன்” என்று டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.