மிரட்டுகிறவனுக்கு முதல் போடுவது நாம்தான்

இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் ரிக்வெஸ்ட் வருகிறது. பையன் படிக்கும் பள்ளியிலேயே நாலைந்து பேர் ஏற்கெனவே அந்தக் கணக்கை ஃபாலோ செய்கிறார்கள், அதனால் சந்தேகம் எழுவதில்லை. கொஞ்ச நேரம் பேச்சு, சிரிப்பு, அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம், நீயும் அனுப்பு என்று ஒரு கெஞ்சல். பையன் அனுப்பிய அடுத்த நிமிடமே குரல் மாறிவிடும். அவனுடைய ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் வந்து விழும், அதில் சித்தப்பா, டியூஷன் அக்கா, கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். கூடவே ஒரு க்யூஆர் கோடு. அரை மணி நேரத்தில் பணம் வராவிட்டால் எல்லாருக்கும் படம் போய்விடும் என்பான்.

அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கும் இதைத்தான் செக்ஸ்டார்ஷன் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். பெரியவர்களை, அதுவும் ஆண்களைக் குறிவைத்து ராஜஸ்தான், ஹரியானா எல்லையில் மேவாத் பக்கமிருந்து நடக்கும் வீடியோ கால் மோசடியைப் பற்றித்தான் நம் ஊர்ப் பத்திரிகைகள் அதிகம் எழுதின. பணம் கொடுத்து முடித்தால் 'டெல்லி சைபர் கிரைம் அதிகாரி' என்று இன்னொருவன் கூப்பிடுவான், வீடியோவை அழிக்க இன்னும் பணம் கேட்பான். இதே தந்திரம் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் மீதும் நடக்கிறது என்பதுதான் பல வீடுகளில் தெரியாத விஷயம். பெண் பிள்ளை கையில் போன் இருந்தால் நூறு கேள்வி கேட்கிறோம். பையன் கதவைச் சாத்திக்கொண்டால் கேம் விளையாடுகிறான் என்று விட்டுவிடுகிறோம்.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயதுப் பள்ளி மாணவன் ஒருவனுக்கு இது நடந்தது. மிரட்டியவர்கள் நைஜீரியாவில் லாகோஸிலிருந்து பேசிய சகோதரர்கள். பையன் 300 டாலர் அனுப்பினான், அவர்கள் மேலும் கேட்டார்கள். விடிவதற்குள் அவன் தற்கொலை செய்துகொண்டான். அதே வீட்டில்தான் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சகோதரர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து வழக்கு நடத்தினார்கள், 2024 செப்டம்பரில் ஆளுக்குப் பதினேழரை ஆண்டு சிறை. தண்டனை சரிதான். ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இரவு. ஒரே வீடுதான், போய் எழுப்பியிருக்கலாமே?

நம் வீட்டுப் பையன் எழுப்புவானா என்று யோசித்துப் பாருங்கள். மிரட்டுகிறவன் கையில் இருப்பது ஒரு படம் மட்டும். அதை ஊருக்கெல்லாம் அனுப்புவதால் அவனுக்கு ஒரு பைசா லாபமில்லை, அனுப்பிவிட்டால் பிடி போய்விடும் என்று அவனுக்கே தெரியும். அவன் நம்பியிருப்பது பிள்ளையின் மனதில் ஓடும் ஒரு கணக்கை: இவனுக்குப் பணம் கொடுப்பதைவிட வீட்டுக்குத் தெரிவது மோசம். அந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது? "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம். மார்க் குறைந்தால் அடி, கண்ணாடி டம்ளர் உடைந்தால் அடி, எதிர்த்துப் பேசினால் கேட்கவே வேண்டாம். எந்த ஊரிலோ உட்கார்ந்து மிரட்டுகிறவனுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், இருந்தாலும் அவனுக்குச் சோறு போடுவது அந்தப் பழமொழிதான்.

அதனால்தான் குழந்தையை அடிப்பதையும் இணையத்தில் குழந்தையைச் சுரண்டுவதையும் தனித்தனிப் பேச்சாக வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. வீட்டுக்குள் அதைக் கேட்பார் இல்லை. (ரெண்டு தட்டு தட்டினால்தான் வழிக்கு வருவான் என்று இதைப் படித்ததும் சொல்லப்போகிறவர்கள் யார் யார் என்றுகூட எனக்குத் தெரியும்.)

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நம் கண்மூடித்தனம் புதிதல்ல. பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டது. தமிழ்நாடு அந்தப் பதின்மூன்றில் இல்லை. 53 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள், அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். அதற்கு அப்புறம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012 போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவே இல்லை, 18 வயதுக்குக் கீழே இருந்தால் குழந்தை, அவ்வளவுதான். சட்டத்துக்கு இருக்கும் தெளிவு நமக்கு இன்னும் வரவில்லை.

சரி, பிள்ளை வந்து சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அல்லது சொல்லாமலே முகம் காட்டிக் கொடுத்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான், திடீரென்று ஐயாயிரம் கேட்கிறான். முதல் பத்து நிமிடத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "என்னடா பண்ணி வச்சிருக்க" என்று ஆரம்பித்தால் கதை அங்கேயே முடிந்தது. "சரிடா, நான் பாத்துக்கறேன், இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்பது வாயில் வராவிட்டால் சும்மா பக்கத்தில் உட்காருங்கள், அதுவே போதும். போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான் என்பது ஒரு பக்கம், ஆதாரம் முழுக்க அந்தப் போனில்தான் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். அவமானத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்ய முதலில் கை போவது பிள்ளைக்கு மட்டும் இல்லை, அப்பா அம்மாவுக்கும்தான். செய்யாதீர்கள். மிரட்டியவனின் யூசர் நேம், புரொஃபைல் லிங்க், பேச்சு, அவன் அனுப்பிய யூபிஐ ஐடி, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அந்தக் கணக்கை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்வதற்கு முன் ஐடியையும் லிங்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவன் மறுமுறையும் கொடுப்பான் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படையே. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றத் தளத்தில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, 1996இல் மும்பையில் சமூகப்பணி மாணவர்களை வைத்துத் தொடங்கியது, இப்போது அரசே நடத்துகிறது. பிள்ளை மனம் உடைந்து போயிருந்தால், வாழ்வதே வேண்டாம் என்ற மாதிரி ஏதாவது வாயிலிருந்து வந்தால், புகாரெல்லாம் அப்புறம், முதலில் அவனைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை ஒரு வீடியோ வந்தது, ஒரு ஆள் சிறு குழந்தையை அடித்துக்கொண்டிருக்கிறான், குழந்தையின் முகம் பளிச்சென்று தெரிகிறது, மேலே "இந்தக் கொடூரன் பிடிபடும் வரை பகிருங்கள்". எல்லாரும் நல்லவர்கள், நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்தார்கள். அது எப்போது எடுத்தது, எந்த மாநிலம், அந்த ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறானா, யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தை நாளை பள்ளிக்குப் போகும்போது அதன் முகம் ஊருக்கே தெரிந்திருக்கும், அதுதான் நடந்த ஒரே விளைவு. பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி குற்றம். அதுவே பாலியல் வீடியோ என்றால் நிலைமை இன்னும் மோசம்: "யாருன்னு தெரியுதா பாருங்க" என்று மாமாவுக்கு அனுப்பினாலும் அது பகிர்தல்தான். உங்கள் பிள்ளையின் படத்தையே ஆதாரம் என்று இன்னொரு போனுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். போனோடு போய்க் காட்டுங்கள்.

இந்த விஷயத்தில் முக்கியமான தீர்ப்பு நம் அம்பத்தூரிலிருந்து கிளம்பிய வழக்கில்தான் வந்தது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இந்த மாதிரிப் படங்களைக் கண்டால் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக அங்குள்ள என்சிஎம்இசி என்ற அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும், அது அந்த நாட்டுச் சட்டம். 2019இல் போட்ட ஒப்பந்தப்படி அந்தத் தகவல் நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகிறது, அங்கிருந்து மாநிலப் போலீஸுக்குப் போகிறது. அப்படி வந்த தகவலில்தான் ஒரு இளைஞர் மீது 2020 ஜனவரியில் வழக்குப் பதிந்தார்கள், போனில் குழந்தைகளின் பாலியல் வீடியோக்கள் இருந்தன. யாருக்கும் அனுப்பவில்லை, தனியாகப் பார்த்ததோடு சரி என்பதால் குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதிலிருந்தே பகிரும் எண்ணத்தை ஊகிக்க இடமுண்டு என்றது. பதின்ம வயதினருக்கு முறையான பாலியல் கல்வி வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு அரசுக்கு யோசனையாகச் சொன்னது. அந்தப் பகுதி தலைப்புச் செய்தியில் எங்கேயும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

போலீஸுக்குப் போனால் பேர் கெட்டுவிடும் என்பதுதான் கடைசி முட்டுக்கட்டை. போக்சோவில் இதற்கென்றே விதிகள் உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், முடிந்தவரை பெண் எஸ்ஐ வாங்க வேண்டும், சீருடை கூடாது, பெற்றவர்களோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும், இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது, பெயரோ பள்ளியோ வெளியே வரக் கூடாது. இதெல்லாம் ஒழுங்காக நடக்குமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னதைப் பார்த்தவர்கள்தானே நாம், 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த வழக்கில் பெண்கள் பின்வாங்கவில்லை, ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாகவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார், 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஸ்டேஷனில் யாராவது விதியை மறந்தால் பிரிவு 24, 26 என்று சொல்லுங்கள், எண்ணைச் சொன்னாலே பேச்சு மாறும்.

பிள்ளை எந்தப் படமும் அனுப்பாமலே இது நடக்கலாம் என்பது இப்போது சேர்ந்திருக்கும் தலைவலி. ஸ்பெயினில் அல்மென்ட்ரலேஹோ என்ற சிற்றூரில் 2023 செப்டம்பரில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் சாதாரணப் படங்களை ஏஐ செயலியில் போட்டு ஆடையில்லாத படமாக மாற்றிச் சுற்றுக்கு விட்டார்கள். செய்தவர்கள் வெளியாள் யாரும் இல்லை, உள்ளூர்ப் பையன்கள்தான். பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் அம்மா, அவர் மருத்துவர், மறைக்காமல் இன்ஸ்டாகிராமில் வந்து பேசினார், உன் மேல் தப்பில்லை என்று எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொன்னார். மற்ற அம்மாக்களும் வெளியே வந்தார்கள், 2024இல் 15 சிறுவர்களுக்கு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நம் சட்டம் இதில் பின்தங்கவில்லை, குழந்தையின் படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டினால் அது உண்மைப் படமா ஜோடித்த படமா என்பது பொருட்டில்லை என்று போக்சோ 11ஆவது பிரிவில் 2012லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. டேக் இட் டவுன் என்று தேடிப் பாருங்கள், முன்னே சொன்ன என்சிஎம்இசியின் இலவசச் சேவை, பெயர்கூடக் கேட்காது. படம் நம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஹாஷ் என்ற ஒரு எண் வரிசையை மட்டும் எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும், அந்த எண் வரிசைக்குப் பொருந்தும் படம் அவர்கள் தளத்தில் ஏறினால் கண்டுபிடித்து எடுத்துவிட முடியும். 18 வயதுக்குக் கீழே இருந்தபோது எடுத்த படத்துக்குத்தான் இது. அதற்கு மேல் என்றால் ஸ்டாப் என்சிஐஐ என்று வேறொன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இருவருக்கிடையே பூட்டிய பேச்சுக்குள் இதெல்லாம் எட்டாது, இதில் சேராத தளங்களிலும் வேலை செய்யாது. ஆனாலும் அந்த இரவே பிள்ளையோடு உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வேலை.