இரண்டு ஸ்கோப்புக்கும் எட்டாத இடம்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான் தொடக்கம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் 10 வரை ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். ஒரு வருடம் இந்த விளையாட்டு. நடுவில், உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க, வாய் வழியாக எண்டோஸ்கோபி, ஆசனவாய் வழியாக கொலனோஸ்கோபி இரண்டும் எடுத்தாயிற்று. இரண்டுமே நார்மல். "மூலமா இருக்கும்" என்று ஒரு மருத்துவர் சொன்னதும் நம்பிவிட்டேன். நார்மல் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு யார் சண்டை போடுவார்கள்?

அப்புறம் பார்த்த குடல் மருத்துவர் ஒரு தாளில் குடலைக் கோணல்மாணலாக வரைந்து, மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் கோடு போட்டார். "இவ்வளவுதான் பார்த்திருக்காங்க. நடுவுல சிறுகுடல் பல மீட்டர் அப்படியே கிடக்கு" என்றார்.

கேப்சூல் எண்டோஸ்கோபிக்கு எழுதினார்; கேமரா வைத்த மாத்திரையை விழுங்கிக் குடலைப் படமெடுப்பது. அதற்கு முன் வயிறு முறுக்கி வலிக்குமா, சாப்பிட்டதும் உப்பி வாந்தி வருமா என்று துருவித் துருவிக் கேட்டார். குடல் எங்காவது சுருங்கியிருந்தால் கேப்சூல் அங்கேயே சிக்கிக்கொள்ளுமாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. இரண்டரை செ.மீ. நீளம், விளக்கு மினுக்கும் மாத்திரை, தண்ணீரோடு இறங்கிவிட்டது. இடுப்பில் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் திரிந்தேன். வெளியே வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் விவரிக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் வந்தது.

சிறுகுடலின் மேற்பாதியில் ஒரு புடைப்பு, அதன் உச்சியில் புண், ரத்தக்கசிவு. ஒன்றரை லிட்டர் திரவத்தைக் குடிக்க வைத்து எடுத்த சிடி ஸ்கேனில் 4.5 செ.மீ. கட்டி தெரிந்தது.

"முதல்ல பயாப்ஸி எடுக்க வேண்டாமா?" என்று கேட்டேன். பார்த்தால் ஜிஸ்ட் (குடல் சுவரில் வளரும் ஒரு வகைப் புற்றுக்கட்டி) போலிருக்கிறது, வெளியிலிருந்து ஊசி குத்தினால் கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிந்தலாம், எப்படியும் வெட்டித்தான் எடுக்கப்போகிறோம் என்றார் அறுவை மருத்துவர். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

கட்டி இருந்த துண்டை வெட்டி, இரு முனைகளையும் இணைத்தார்கள். வலியைவிட "காத்துப் பிரிஞ்சுதா?" என்ற கேள்விதான் படுத்தியது. நான்காம் நாள் பிரிந்ததும் நர்ஸுக்கு என்னைவிட சந்தோஷம்.

திசு அறிக்கையில் ஜிஸ்ட் என்றே வந்தது; அதற்கு அடையாளமான சிடி117 என்ற புரதம் பாசிட்டிவ். அளவு மட்டும் கணக்கில்லை, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்றும் எண்ணுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை ஆபத்துக் கோடான 5-ஐத் தாண்டியிருந்தது. இதே கட்டி இரைப்பையில் இருந்திருந்தால் ஆபத்து குறைவாம்; சிறுகுடல் என்பதால் அதிகம். மரபணு சோதனை பார்த்துவிட்டு, கட்டி திரும்பி வராமலிருக்க இமாடினிப் என்ற மாத்திரை 400 மி.கி., தினம் ஒன்று, 3 வருடத்துக்கு எழுதினார்கள். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஒருநாள் வெறும் வயிற்றில் போட்டுப் பார்த்தேன், போன வேகத்திலேயே வெளியே வந்தது.

இப்போது 14-வது மாதம். போன சிடி சுத்தம், ஹீமோகுளோபின் 12.8. மாத்திரையால் காலையில் இமைகள் மட்டும் வீங்கியிருக்கும். "ராத்திரி தூங்கலையா?" என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.