என்ற பென்சில்

திருப்பூரில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பத்து வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். மாறுதலில் வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சே எனக்குப் பிடிபடவில்லை. ‘என்னுடைய’ என்பதை இங்கே ‘என்ற’ என்பார்கள், அது காதுக்குப் பழகவே பல மாதம் ஆனது. அப்படியிருக்க, பீகாரிலிருந்து வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு பையன், அதுவரை வகுப்பில் வாயையே திறக்காதவன், ஒருநாள் விருட்டென்று எழுந்து, “டீச்சர், இவன் என்ற பென்சில எடுத்துட்டானுங்க!” என்றான். அவன் முழுசாகப் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான், அதுவும் சுத்தமான கொங்குத் தமிழ். பென்சிலை வாங்கிக் கொடுப்பதற்கே மறந்து நின்றுவிட்டேன்.

நான் அவனுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ‘என்ற’வை நான் சொல்லித் தரவில்லை. கில்லி விளையாடும்போது யார் முதலில் அடிப்பது என்று சண்டை போட, சாப்பாட்டு வரிசையில் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருக்க, அவனுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டான். கில்லியை அவன் புதிதாகக் கற்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் ஊரிலும் அதே ஆட்டம், கில்லி டண்டா என்று பெயர்.

எங்கள் பள்ளியைச் சுற்றி நிறைய லைன் வீடுகள். பனியன் கம்பெனிகளில் பிசிறு எடுக்கிற, செக்கிங் பார்க்கிற, தையல் மிஷினில் உட்கார்கிற குடும்பங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் காலையில் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் வருவார்கள். முன்பெல்லாம் தேனி, விருதுநகர், புதுக்கோட்டைக்காரர்கள்தான் அந்த வீடுகளில் இருந்தார்கள், இப்போது பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, ஒன்றிரண்டு நேபாளக் குடும்பங்களும் உண்டு. மூன்றாம் வகுப்பில் எனக்கு இருக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் வீட்டில் தமிழ் கிடையாது.

வந்த புதிதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு எல்லாருமே ‘இந்திக்காரப் பசங்க’தான். அதனால் நானும் ஒரு தப்பு செய்தேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையனைக் கொண்டுபோய் பீகார்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்தேன், பேச்சுத் துணையாக இருக்குமே என்று. இரண்டு நாள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் வீட்டில் ஒடியா, இன்னொருவன் வீட்டில் போஜ்புரி, ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவே இல்லை. கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதமானது தமிழில்தான். ஓட்டைத் தமிழ், பாதிக்குப் பாதி கைஜாடை, ஆனால் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது அது ஒன்றுதான். தமிழ்நாட்டில் பிறக்காத இரண்டு பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தமிழைப் பிடித்துக்கொண்டதை நான் கிட்டே இருந்து பார்த்தேன், இன்றைக்கும் நினைத்தால் மனசு நிறைகிறது.

இந்த மாதிரிப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வெளியூர்ப் பிள்ளை எப்படித் தேறும் என்றுதான் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதைச் சொல்ல வேண்டும்.

பீகாரில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த ஒரு பெண் குழந்தை, தமிழ் எழுத்துகளுக்குக் கீழே இந்தி எழுத்தைக் குறித்து வைத்துப் படிப்பாள். ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று மூன்று சொல். மூன்றிலும் ‘க’ இருக்கிறது, அவளோ ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு வேறு எழுத்து போட்டிருந்தாள். “டீச்சர், எது சரி?” என்றாள். மூன்றுமே சரி என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குள் முன் பெஞ்சுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தொண்டையில் கை வைத்து, கல், தங்கம், பகல் என்று சொல்லிப் பார்த்தார்கள். “ஆமா டீச்சர், வேற வேற சத்தம்!” அப்புறம் யாரும் சொல்லாமலே ‘பல்’, ‘தம்பி’ என்று ‘ப’வைப் பிடித்தார்கள், ‘பட்டம்’, ‘படம்’ என்று ‘ட’வைப் பிடித்தார்கள். அன்று கணக்குப் பாடம் நடக்கவே இல்லை. ங், ம் மாதிரி மெல்லின மெய்க்குப் பின்னால் வந்தால் ஒரு சத்தம், சொல்லுக்கு முதலில் வந்தால் ஒரு சத்தம் என்று அவர்களே பாதி கண்டுபிடித்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியை வெளியே நின்று பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குழந்தையின் சந்தேகம்தான். வருஷக்கணக்காக அதே பாடத்தை எடுத்த நான் அதை ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

சாப்பாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, 2023 ஆகஸ்டிலிருந்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிடுகிறார்கள். பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வருவதை வெளியே சொல்ல எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். அந்த ஒடிசாப் பையன் ஒருநாள் பகாளா பற்றிப் பெருமையாகச் சொன்னான். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடுவார்களாம், வெயில் காலத்தில் அவன் ஊரில் அதுதான் விருந்து. “டேய், அது பழைய சோறுடா!” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். அதிலிருந்து வகுப்பில் யார் வீட்டில் பழைய சோற்றுக்கு என்ன தொட்டுக்கொள்வார்கள் என்பது ஒரு வாரத்துக்குப் பேச்சு.

எல்லாம் இப்படியே இனிமையாகப் போகிறது என்று சொன்னால் அது பொய். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவியது ஞாபகம் இருக்கும். ஹோலிக்கு ஊருக்குப் போகிற சமயமும் அதுதான். கிளம்பியவர்களில் யார் பண்டிகைக்குப் போகிறார்கள், யார் பயந்து போகிறார்கள் என்றே தெரியவில்லை. என் வகுப்பில் ஒரே வாரத்தில் ஆறு இடம் காலி. எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? “அவுங்கள யாரு டீச்சர் அடிச்சா?” என்று கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை என்றேன். “அப்புறம் ஏன் போனாங்க?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சத்துணவு ஆயா மட்டும் சாயங்காலம் லைன் வீடுகளுக்குப் போய், மொழி தெரியாமலே, “ஒண்ணும் ஆகாது சாமி, பிள்ளைய அனுப்பு” என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வந்தார். நான்கு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவே இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. தமிழ் சீக்கிரம் கற்றுக்கொண்ட பிள்ளைதான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். ‘க’வைப் பற்றிக் கேட்டாளே, அதே குழந்தை மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரமாட்டாள். விசாரித்தால் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். அம்மாவின் வயிற்று நோவை டாக்டரிடம் இவள்தான் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை தன் தாயைப் பற்றிச் சொல்லக் கூடாத விஷயங்களையெல்லாம் அந்தச் சின்ன வாயால் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் என் முன்னால் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். ‘எண்ணும் எழுத்தும்’ என்கிற அரசுத் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். அதில் அவள் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துவிட்டாள் என்று நான் பதிவு செய்கிறேன். அவள் எவ்வளவு வயசு கூடிப்போனாள் என்று பதிவு செய்ய இடம் இல்லை.

அதோடு, இங்கே தமிழ் ஏற ஏற, அவள் ஊர் எழுத்து மறந்துகொண்டே போகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து புத்தகமும் ஆசிரியரும் வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தது உண்டு. சூளை வேலை முடிந்தால் அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும், அதனால் அந்த ஏற்பாடு. எங்கள் பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்று அவர்கள் பெற்றோருக்கே தெரியாது. வாரத்தில் ஒரு மணி நேரம், அவரவர் மொழியில் ஒரு கதைப் புத்தகம், அது போதும் என்றுதான் கேட்கிறேன். தமிழுக்கு அதனால் எந்தக் குறையும் வராது. ‘க’ விஷயத்தில் நான் பார்த்தேனே, கூடத்தான் செய்தது.

போன வருஷம் அந்த ஒடிசாப் பையன் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டான், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று. போவதற்கு முன்னால் தன் பெயரை ஒடியாவில் எழுதக் கூட்டாளி ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். வட்டம் வட்டமாக நாலு எழுத்து. இந்தப் பையன் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதிப் பழகி, ஒருநாள் என்னிடம் கொண்டுவந்து, “சரியா இருக்குதுங்களா டீச்சர்?” என்று நீட்டினான். எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.