அக்கா மகனின் ரெஸ்யூமே

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் ரெஸ்யூமேவை நீட்டினான். "மாமா, ஒரு தடவை பாருங்களேன்." மூன்று பக்கம். அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி வேறு. ரேஷன் கார்டுக்கா விண்ணப்பிக்கிறான்? ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் பார்த்த வேலைக்கு ஒரே வரி: 'ஜிஎஸ்டி தெரியும்.'

"அங்க என்னதான்டா செஞ்ச?" என்று கிளறினேன். டாலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்றி, சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியலான 2பி-யோடு ஒப்பிட்டு, மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் 14 கடைகளுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கிறான். சரி, அதுதான் முதல் வரி என்றேன். மற்றதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

அப்புறம் கவரிங் லெட்டர். 'மதிப்பிற்குரிய ஐயா'வுக்குக் கீழே வேறொரு கம்பெனியின் பெயர்!

"இப்படியே எத்தனை இடத்துக்கு அனுப்பின?"

காபி டம்ளரோடு பால்கனிக்குப் போய்விட்டான்.