வாட்ச் பட்டையில் செருகிய டிக்கெட்

11 ஆகஸ்ட் 2023, வெள்ளி இரவு

பர்ஸ் போய்விட்டது. போனும் போய்விட்டது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோவுக்குக் காசு எடுக்கக் கையை விட்டபோதுதான் தோள்பையின் ஜிப் திறந்து கிடப்பது தெரிந்தது. கடைசி ஆடி வெள்ளி, பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. திருமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தேன். டிக்கெட்டை மட்டும் வழக்கம்போல வாட்ச் பட்டைக்குள் செருகியிருந்தேன், அது இருக்கிறது. டைம் கீப்பரிடம் அதைக் காட்டி, பஸ் விவரத்தையும் அம்மாவின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

12 ஆகஸ்ட், சனி

இரவு தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் யாரோ ஒருவன் ஏதோ ஒரு கடையில் என் கார்டைத் தட்டுகிறான். பின் நம்பர் போடாமலே 5,000 ரூபாய் வரை போகிற கார்டு அது. அந்த வசதியை நிறுத்தி வையுங்கள் என்று நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் சொன்னபோதே செய்திருக்க வேண்டும்.

நேற்று இரவே வங்கிக்குச் சொல்லியிருக்கலாம். போன் இல்லாமல் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்றே ஓடவில்லை. காலையில் வார்டு சிஸ்டர் தன் போனில் தேடி இலவச எண்ணை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் பட்டன் போனில் கூப்பிட்டேன். பதிவு செய்த எண்ணிலிருந்து பேசுகிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை. கணக்கு எண்? மனப்பாடம் இல்லை. பிறந்த தேதி, அம்மா பெயர், எந்தக் கிளை, கடைசியாகக் கார்டில் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். வியாழக்கிழமை மருந்துக் கடையில் 640 ரூபாய். அந்த 640 நினைவுக்கு வந்ததால் பிழைத்தேன். 9.10-க்கு கார்டை முடக்கிவிட்டதாகச் சொன்னார்கள். புகார் எண்ணை அம்மாவின் எக்ஸ்ரே கவரில் எழுதி வைத்திருக்கிறேன். சொன்ன நிமிடத்துக்குப் பிறகு பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. 2017-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் போயிருந்தால்? அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டேன். பரிவர்த்தனை எதுவும் இல்லை மேடம் என்றார். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது.

புது கார்டு? கிளைக்குப் போங்கள். இன்று இரண்டாம் சனி. நாளை ஞாயிறு. செவ்வாய் சுதந்திர தினம். நடுவில் திங்கள் ஒரே ஒரு நாள். ஆபரேஷன் வியாழன் காலை. முன்பணம் 30,000 ரூபாய் புதன் மாலைக்குள் கட்ட வேண்டும். பணம் என் கணக்கில் இருக்கிறது. இருந்தும் கையில் இல்லை.

மத்தியானம் செல்போன் கடைக்குப் போனேன். அதே நம்பரில் சிம் வேண்டும் என்றேன். அந்தப் பையன் நல்ல மாதிரி. "ஆதார் ஒரிஜினல் இருக்காக்கா?" ஆதார் பர்ஸில். "டிஜிலாக்கர்ல எடுத்துக்கலாம்." அதற்கு ஓடிபி வரும். ஓடிபி தொலைந்த நம்பருக்கு வரும். சிம் வாங்க ஆதார், ஆதாரை எடுக்க ஓடிபி, ஓடிபி வர சிம். அவனும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான்.

சாயங்காலம் காவல் நிலையம். எந்த இடத்தில் தொலைந்தது என்று ரைட்டர் கேட்டார். ஓடுகிற பஸ்ஸில் எந்த இடம் என்று சொல்வது? கல்லுப்பட்டியாக இருக்கலாம், திருமங்கலமாக இருக்கலாம். தொலைந்தது தெரிந்த இடம் மாட்டுத்தாவணி. அதை வைத்து சிஎஸ்ஆர், அதாவது புகார் ரசீது, போட்டுக் கொடுத்தார். என் பெயர் எழுதிய ஒரே தாள் இப்போது அதுதான். ஆஸ்பத்திரி பாஸில்கூடப் பெயர் இல்லை, "நோயாளியின் மகள்" என்றுதான் இருக்கிறது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

"புதன்கிழமை அமாவாசை. வீட்டுக்குப் போக முடியாது. உன் பர்ஸ்ல அப்பா படம் வச்சிருப்பேல்ல, அதையே வச்சுக் கும்பிட்டுக்குவோம்" என்றாள் அம்மா. சரி என்றேன்.

14 ஆகஸ்ட், திங்கள்

சித்தி சிவகாசியிலிருந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தாள். விடிவதற்குள் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன். வீட்டில் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்ததில் பாஸ்புக் கிடைத்தது, ஆதார் ஜெராக்ஸ் ஒன்றும் கிடைத்தது. ரேஷன் கார்டையும் எடுத்தேன். ஆனால் அதில் இருப்பது அம்மாவின் படம்.

சுவரில் அப்பாவின் பெரிய படம் இருக்கிறது. கழற்றி எடுத்துப் போய்விடலாமா என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அதை எடுத்துக்கொண்டு போய் நின்றால் பர்ஸ் எங்கே என்று அம்மா கேட்பாள். இறங்கிவிட்டேன்.

பத்து மணிக்கு வங்கி. கார்டு இல்லை, செக் புத்தகமும் இல்லை. பாஸ்புக் இருந்தால் சலான் போட்டு எடுக்கலாம் என்றார்கள். 30,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், சலானைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "கையெழுத்து மாறுதேம்மா."

2010-இல் கல்லூரி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு இது. அன்று அப்பா கூட வந்திருந்தார். தமிழில்தான் போட்டேன். முதலில் அப்பாவின் இனிஷியல், பிறகு முழுப் பெயர். "கடைசி எழுத்தோட வாலை அப்படியே கீழே இறக்கி, பேருக்கு அடியில ஒரு இழு இழு. எவனாலயும் போட முடியாது" என்று பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். வேலைக்கு வந்தபின் தினமும் இருநூறு நோட்டுகள் திருத்துகிறேன். ஒவ்வொன்றிலும் போட்டுப் போட்டு அந்தக் கையெழுத்து தேய்ந்து, ஒரு புழு நெளிந்த மாதிரி ஆகிவிட்டது. எப்போது மாறியது என்றுகூடத் தெரியவில்லை.

இரண்டாவது சலான். பழையபடி போட முயன்றேன். வால் எங்கே திரும்பும்? இடப்பக்கமா வலப்பக்கமா? கை நடுங்கியதில் கோடு பெயரின் மேலேயே ஏறிவிட்டது. மூன்றாவதும் தப்பு. அவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. திருப்பவும் கூடாது, அது எனக்கும் தெரியும்.

மேனேஜர் உட்காரச் சொன்னார். சிஎஸ்ஆரைப் படித்தார், பாஸ்புக்கில் இருந்த படத்தைப் பார்த்தார். 2010-இல் எடுத்த அந்தப் படத்தின் மேல் சீல் விழுந்து பாதி முகத்தை மறைத்திருக்கிறது. "நீங்கதான்னு எனக்குப் படுது. ஆனா கையெழுத்து சேரலைன்னா ஒரிஜினல் ஆதார் இல்லாம நான் பணம் தர முடியாதும்மா." அவர் மேல் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. என் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வேறு ஒருத்தி போய் நின்றிருந்தால் அவர் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

தாலுகா அலுவலக ஆதார் மையத்தில் கைரேகை வைத்தாலே ஆதாரை அச்சு எடுத்துத் தருவார்கள், ஓடிபி தேவையில்லை என்று வங்கி வாசலில் ஒருவர் சொன்னார். ஓடினேன். பள்ளிப் பிள்ளைகள் வரிசை வாசல் வரை நின்றது. டோக்கன் முடிந்துவிட்டது, புதன்கிழமை வாருங்கள் என்றார்கள்.

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் விரலால் முழங்காலில் அந்த வாலைப் போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த ஆச்சி, கை வலிக்குதா தாயி என்று கேட்டாள்.

15 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அம்மா தன்னுடையதை எனக்குக் கொடுத்தாள். டிக்கெட்டில் எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. தேதி தெரிகிறது, தொகை தெரிகிறது, நேரம் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு டைம் கீப்பர் கூப்பிட்டார். பர்ஸ் கிடைத்திருக்கிறதாம்! பஸ்ஸைக் கழுவும்போது பின் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம், பணிமனையில் இருக்கிறதாம். பணமும் போனும் இல்லை, கார்டுகள் எல்லாம் இருக்கின்றன என்றார். படம்? "ஏதோ போட்டோ இருக்குன்னாங்கம்மா." எனக்கு அது போதும்.

பணிமனைக்குப் போன உடனே தூரத்திலேயே பார்த்துவிட்டேன், மேஜை மேல் என் பர்ஸ். மெரூன் கலர், ஓரத்தில் நான் போட்ட கறுப்பு நூல் தையல். அங்கிருந்தவர் அதைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு, "உங்க அடையாள அட்டை ஏதாவது காட்டுங்க" என்றார்.

சார், அடையாள அட்டை உங்கள் கையில் இருக்கிறது சார்.

ஆதாரை வெளியே எடுத்து என் முகத்தோடு பிடித்துப் பார்த்தார். 2012-இல் எடுத்த படம். அப்போது கன்னம் இருந்தது, இரட்டை ஜடை தெரியும். இப்போது நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தலைமுடியை அள்ளி முடிந்திருக்கிறேன். "இது நீங்களா?" என்று அவர் கேட்டபோது எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. அப்புறம் பான் கார்டை எடுத்தார். அதில் கையெழுத்து இருக்கிறது. "ஒரு கையெழுத்துப் போடுங்க பார்ப்போம்."

அங்கேயும் அதே வால். போட்டேன். தலையை ஆட்டினார். உள்ளே என்ன இருக்கிறது, என் பிறந்த தேதி என்ன என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றேன். போன வாரம் இப்படித்தான் ஒரு பையை யாரோ வந்து வாங்கிப் போய்விட்டார்களாம், மறுநாள் உண்மையான ஆள் வந்து நின்றாராம், இவருக்கு மெமோ கொடுத்தார்களாம். பணிமனையின் கிளை மேலாளர் நாளை வருவார், அவர் சொன்னால் தருகிறேன் என்றார். படத்தையாவது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். பர்ஸை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

பூட்டுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது.

ராத்திரி எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்தாகப் போட்டு நிரப்பியிருக்கிறேன். முப்பது, நாற்பது இருக்கும். ஒன்றுகூட அது இல்லை.

16 ஆகஸ்ட், புதன், ஆடி அமாவாசை

எட்டரைக்கே பணிமனை வாசலில் நின்றேன். சித்தியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் அம்மாவிடம் யார் இருப்பது? தனியாகத்தான் போனேன்.

மேலாளர் சிஎஸ்ஆரைப் பார்த்தார், டிக்கெட்டைக் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்: ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஏடிஎம் கார்டு, ஆண்டாள் கோயில் குங்குமம் மடித்த காகிதம், அம்மாவின் ரத்த வகை எழுதிய சீட்டு, அப்பா படம். ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். வாக்காளர் அட்டைப் படமும் பழசுதான், அது இன்னும் மோசம்.

கடைசியில் படத்தை எடுத்தார். பாஸ்போர்ட் அளவு, கறுப்பு வெள்ளை, ஒரு மூலை மடங்கியிருக்கும். மடங்கித்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கையெல்லாம் கிரீஸோடு ஒரு பெரியவர் ஏதோ கேட்க உள்ளே வந்தார், மெக்கானிக்காக இருக்கும். மேஜையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்பாவாம்மா? அந்த நெத்தியும் மூக்கும் அப்படியே இருக்கே சார்" என்றார்.

மேலாளர் படத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் நேராக நின்றேன். அப்படி நிற்க வேண்டும் என்று ஏனோ தோன்றியது. அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. "பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். என்ன கையெழுத்துப் போட்டேன் என்று கவனிக்கவில்லை.

அங்கிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரிஜினல் ஆதாரையும் பானையும் பார்த்த பிறகு கையெழுத்து மாற்றும் விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தார்கள். புதுக் கையெழுத்தைக் கட்டங்களுக்குள் போட வேண்டும். பழையதை எடுத்துவிடுவீர்களா என்று மேனேஜரிடம் கேட்டேன். இதற்குப் பதிலாக இனி இதுதான் என்றார். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வரிசை நின்றது. புழுவையே போட்டேன்.

30,000 கையில் வாங்கினேன். கிடைத்த கார்டு முடக்கியது, இனி உதவாது, புதுசு தபாலில் வரும். பழையதைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிடச் சொன்னார்கள். பின்பக்கம் வெள்ளைப் பட்டையில் நான் கையெழுத்துப் போடவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலம் பணம் கட்டியாயிற்று. அந்தப் பையனிடமே சிம் வாங்கினேன். சித்தியின் பழைய போனில் போட்டிருக்கிறேன். 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, பயந்துடாதீங்கக்கா என்றான்.

வார்டில் விளக்கேற்றக் கூடாது. மருந்து வைக்கும் சின்ன மேஜையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து அப்பாவை வைத்தோம். கீழே வாங்கிய ஒரு முழம் பூவில் ஒரு கிள்ளு. அம்மா கும்பிட்டுவிட்டு, "மூலை மடங்கியிருக்கே" என்று நகத்தால் நீவினாள். பர்ஸ் தொலைந்ததை இன்னும் சொல்லவில்லை.

17 ஆகஸ்ட், வியாழன்

ஐந்தரைக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஒப்புதல் படிவத்தில் மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். டிக்கெட் இன்னும் வாட்ச் பட்டைக்குள்தான் இருக்கிறது, வெறும் வெள்ளைத் தாளாக. சிஸ்டர் கூப்பிடுகிறார்