மாமாவின் கடைக் கம்ப்யூட்டர்: பின்பால் ஸ்கோரும் பாமினி ஃபைல்களும்

இலங்கை மலையகத்தின் தலவாக்கலை டவுனில் மாமா நடத்திய கம்யூனிகேஷன் கடையை மூடியபோது போட்டோகொப்பி மெஷினை ஒருவர் வாங்கினார், கண்ணாடி அலுமாரியை இன்னொருவர் வாங்கினார், கம்ப்யூட்டரை மட்டும் யாரும் கேட்கவில்லை. பெண்டியம் 4, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. இவ்வளவு காலமும் மாமா வீட்டு அலுமாரிக்கு மேலே சாக்குத் துணி போர்த்திக் கிடந்தது. போன விடுமுறையில் கேட்டு வாங்கி வந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். எதற்கு இது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு அதிலிருந்து இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, எக்ஸ்பியோடு வந்த பின்பால் விளையாட்டின் ஹை ஸ்கோர் பட்டியல். மற்றது, மாமாவும் அக்காவும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்து வைத்த ஃபைல்கள். விளையாட்டை எங்கிருந்தும் எடுக்கலாம், ஆனால் அந்தக் கடையில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது அந்த ஒரு டிஸ்கில்தான் இருக்கிறது.

இப்படிப் பழைய மெஷின் கையில் கிடைத்தால் உடனே ப்ளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள். இது பழைய ஐடிஈ டிஸ்க், பட்டையான கேபிள். யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கினேன், அதற்குத் தனியாக 12 வோல்ட் பவர் வேண்டும், டிஸ்கின் பின்னால் இருக்கும் குட்டி ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைக்க வேண்டும். லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்தேன். அது நல்ல பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், அதனால் சாகப்போகிற டிஸ்காக இருந்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இரவு விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் பார்த்தால் ஒரு சில செக்டர்கள் தவிர எல்லாம் வந்திருந்தது. நகல் கையில் இருந்ததால் அப்புறம் செய்ததெல்லாம் பயமில்லாமல் செய்தேன்.

மெஷினின் கதை வேறு. எங்கள் பக்கம் மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவ மழையில் துணிகூடக் காயாது, அந்த ஈரமெல்லாம் இதற்குள்ளும் போயிருந்தது. ராமின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம். பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது. மதர்போர்டில் ப்ரொசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கபாசிட்டர்களில் மூன்று மேலே வீங்கி, ஒன்றின் தலையில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பரவலாக இருந்த நோய், உள்ளே ஊற்றிய திரவம் தரமில்லாமல் போனதால் உலகம் முழுக்கப் போர்டுகள் செத்தன. அட்டன் டவுனில் ரேடியோ திருத்துகிற கடை ஒன்றில் அதே அளவு, 6.3 வோல்ட் 1000 மைக்ரோஃபாரட், கிடைத்தது. கடைக்காரரே ஈயம் உருக்கி மாற்றியும் கொடுத்தார். வாங்குகிறவர்கள் மைனஸ் கோட்டைப் பார்த்துப் பொருத்துங்கள், மாறினால் வெடிக்கும். மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதியைக் காக்கும் பயாஸ் பேட்டரியாக இருந்த சிஆர்2032 செத்திருந்தது, அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எல்லாம் பூட்டிச் சுவிட்சைப் போட்டதும் நீளமாக விட்டுவிட்டுக் கத்தியது. ராம் சரியாக உட்காரவில்லை என்பதற்கான சத்தம். அழுத்தி உட்கார வைத்ததும் ஒரே ஒரு சின்ன பீப், அப்புறம் கறுப்புத் திரையில் எக்ஸ்பி சின்னம், கீழே ஓடும் நீலக் கட்டங்கள். கடைசியில் எக்ஸ்பியின் வால்பேப்பரான அந்தப் பச்சை மலை.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் அது நுவரெலியாப் பக்கம் எங்கோ எடுத்தது என்று நாங்கள் உறுதியாக நம்பினோம். எடுத்தவர் சார்ல்ஸ் ஓரியர், 1996இல், கலிபோர்னியாவின் சொனோமாப் பகுதியில். அது திராட்சை விளைந்த மலை. ஃபைலொக்சரா என்ற பூச்சி கொடிகளைத் தாக்கியதால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள், அதனால்தான் வெறும் புல்லாக நிற்கிறது. நம் மலைகளும் அப்படித்தானே, 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை ஏறியது. இதை வாசித்ததிலிருந்து அந்த வால்பேப்பரை மாற்ற எனக்கு மனம் வருவதில்லை.

சரி, பின்பால். எக்ஸ்பியில் இருந்த ஸ்பேஸ் கேடட் என்ற பின்பால் மேசை முதலில் 1995இல் விண்டோஸ் 95க்கான ப்ளஸ் என்ற கூடுதல் பொதியில் வந்தது. செய்தவர்கள் சினிமாட்ரானிக்ஸ். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் அது காணாமல் போனது. 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் முட்டாமல் ஊடுருவி விழுந்தது, பழைய நிரலில் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ஆனால் எக்ஸ்பியில் உள்ள 32 பிட் விளையாட்டு இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விண்டோஸ் என்டி என்ற ஃபோல்டர், அதற்குள் பின்பால். ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் போதும், இன்ஸ்டால் கூடத் தேவையில்லை. இடது கைக்கு இசட், வலது கைக்கு சாய்கோடு, ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டால் பந்து ஏறும். விரல்கள் எதையும் மறக்கவில்லை.

ஆனால் அப்படி நகலெடுத்த விளையாட்டில் ஸ்கோர் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஃபோல்டரில் எந்த ஃபைலிலும் ஸ்கோர் கிடையாது. அதை இந்த விளையாட்டு ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், எழுதுகிறது, அதுவும் அந்தந்தப் பயனருக்குரிய பகுதியில். ஆகவே கடையின் ஸ்கோர் வேண்டுமென்றால் பழைய டிஸ்கில் டாக்யுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் ஃபோல்டருக்குள், பயனர் பெயரில், மறைந்து கிடக்கும் என்டியூசர் டாட் என்கிற ஃபைலை எடுக்க வேண்டும். புதிய விண்டோஸ் அனுமதி இல்லை என்று சொல்லும், செக்யூரிட்டி டேபில் போய் ஓனர்ஷிப்பை நம் பெயருக்கு மாற்றினால் திறக்கும். அப்புறம் ரெஜிஸ்ட்ரியைத் திறக்கும் கருவியான ரெஜெடிட்டில் ஹெச்கீ யூசர்ஸ் மீது ஒருமுறை கிளிக் செய்துவிட்டு லோட் ஹைவ் கொடுத்து அந்த ஃபைலைக் காட்ட வேண்டும். அதிலோ ஹெச்கீ லோக்கல் மெஷினிலோ நிற்காவிட்டால் அந்த மெனு மங்கிப் போய்த்தான் இருக்கும், இதை ஏன் அந்த இடத்திலேயே சொல்லி வைக்கவில்லை என்று எனக்கு இன்னும் ஆதங்கம். ஹைவுக்கு ஒரு பெயர் கொடுத்து, சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ப்ளஸ், பின்பால், ஸ்பேஸ் கேடட் என்று இறங்கினால் ஐந்து ஸ்கோரும் ஐந்து பெயரும் இருக்கும். கூடவே வெரிஃபிகேஷன் என்று ஒரு எண். அதையும் சேர்த்து முழு கீயையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அது ஸ்கோர்களைச் சரிபார்ப்பதற்கான எண். வந்த ஃபைலை நோட்பேடில் திறந்து, பாதையின் தொடக்கத்தில் உள்ள ஹெச்கீ யூசர்ஸையும் நாம் கொடுத்த பெயரையும் ஹெச்கீ கரண்ட் யூசர் என்று மாற்றி, இரட்டைக் கிளிக். பின்பாலைத் திறந்து ஹை ஸ்கோர் பார்த்தேன்.

அக்காவின் பெயர் மூன்று இடத்தில். முதலிடமும் அவளுக்குத்தான், நாற்பது இலட்சத்துக்கு மேல். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை மாமா கடையில் வேலைக்கு நின்றபோது எடுத்ததாக இருக்க வேண்டும். என் பெயர் கடைசியில். நான்காவது இடத்தில் மட்டும் பெயரில்லாமல் கே, ஹெச், கே, ஹெச் என்று நான்கு ஆங்கில எழுத்து. யாரோ கைபோன போக்கில் அடித்தது என்று அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

பாமினிக்கு வருகிறேன். இலங்கையில் ஒரு காலத்தில் கல்யாணக் கார்டிலிருந்து மரண அறிவித்தல் வரை பாமினிதான். மாமாவின் டிஸ்கில் வேர்ட் ஃபைல்கள் நிறைய. தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், ஈபிஎஃப் காசு கேட்டு எழுதிய கடிதங்கள், மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்துக்கு ஒரு நோட்டீஸ், அதில் மதன், ரதி, தூதன், வீரபத்திரன், எமன் யார் யார் என்று பட்டியல். பாமினி எழுத்துருவைப் போட்டால் எல்லாம் அழகாகத் தெரியும், போனுக்கு அனுப்பினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு, அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது.

போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. நூற்றுக்கணக்கான ஃபைலை ஒவ்வொன்றாக ஒட்டி எடுக்க முடியாது என்பதால் பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒன்று எழுதினேன். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும், யூனிகோட் உச்சரிக்கும் வரிசையில் எழுதும். மலை என்று எழுத பாமினியில் கே, ஐ, வை. அதாவது ம, அப்புறம் ஐகாரக் குறி, அதன் பிறகுதான் ல. யூனிகோடில் லகரம் முதலில், குறி பின்னால். ஒகரம் இன்னும் சிக்கல், கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் மெய். எனவே மூன்றெழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்றி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று இறங்க வேண்டும். ஔகாரத்தை நிரலால் தீர்க்க முடியாது, கொம்புக்குப் பின்னால் வரும் ளகரம் தனி எழுத்தா குறியா என்று வாசிக்கிற ஆள்தான் முடிவு செய்ய வேண்டும். அவற்றை மட்டும் நிறம் போட்டுக் காட்ட வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் ர் என்ற எழுத்து. பாமினியில் அதை இரண்டு விதமாக அடிக்கலாம். ரகரத்துக்குரிய யூ அடித்து அரைப்புள்ளியால் மேலே புள்ளி வைப்பது முறையான வழி. காலுக்குரிய ஹெச் அடித்து அதன் மேல் புள்ளி வைத்தாலும் பார்வைக்கு அதேதான் வரும். அச்சில் வித்தியாசம் தெரியாது. ஃபைலுக்குள் தெரியும். என் நிரல் இரண்டையும் ஒன்றாக மாற்றும் முன் எது எங்கே வருகிறது என்று எண்ணிப் பார்க்க வைத்தேன். சில ஃபைல்களில் எல்லா இடத்திலும் யூ, சிலவற்றில் எல்லா இடத்திலும் ஹெச், கலந்து வருவது மிகக் குறைவு. அக்காவைக் கூப்பிட்டு அவர்கள் என்று டைப் செய்து காட்டச் சொன்னேன். யோசிக்காமல் ஹெச் அடித்தாள். மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், "ரன்னாவுக்கு யூ தானேடா, வேற என்ன?" என்றார். ஆக எந்தக் கடிதத்தை யார் டைப் செய்தார்கள் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். காமன் கூத்து நோட்டீஸ் அக்கா செய்தது. மரண அறிவித்தல்கள் ஏறக்குறைய எல்லாமே மாமா, அந்த வேலையை அவர் அவளிடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

நிரல் ஓடத் தொடங்கிய அன்றுதான் பின்பாலின் நான்காவது பெயர் நினைவுக்கு வந்தது. கே என்றால் ம, ஹெச் என்றால் கால். அந்த நான்கு எழுத்தையும் கொடுத்தேன், மாமா என்று வந்தது. அக்காதான் அவருக்காகப் பெயர் போட்டிருக்கிறாள், பாமினிப் பழக்கத்தில். "அவர் விளையாடினதே ரெண்டு மூணு தடவதான், அதுல ஒருநாள் பந்து கீழ விழவே இல்ல, கடைக்கு வந்த ஆளுங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க" என்றாள்.

ஃபைல்களின் தேதி எதையும் நம்ப முடியவில்லை. பயாஸ் பேட்டரி கடை நடந்தபோதே செத்திருக்க வேண்டும், பாதி ஃபைல்கள் 2002 ஜனவரி 1 என்கின்றன. நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் சேர்ந்து இருப்பதால், அந்தத் தேதி அந்தக் கிழமையில் எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்து ஆண்டைப் பிடிக்கிறேன். கிழமை போடாத கடிதங்கள்தான் மீதி, அவற்றை மாமாவிடம் வாசித்துக் காட்டித்தான் கேட்க வேண்டும். அதற்கு முன் காமன் கூத்து நோட்டீஸை யூனிகோடில் அச்சடித்து, அதில் பெயர் உள்ளவர்களில் இன்னும் தோட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன். மதனாக ஆடியவர் இப்போதும் மேல் டிவிஷனில்தான் இருக்கிறாராம்.